முத்துக்குளித்துறையும் மூளைக்கட்டியும்

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில், வேம்பாற்றுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, கீழவைப்பார் இருக்கிறது. பரதவர் வரலாற்றில் ஏழு கடல்துறை என்று பேர்பெற்ற ஊர்களின் வரிசையில் வைப்பாறு என்ற பேரில் இந்த ஊரும் உண்டு. இந்தக் கரைக்கு மருத்துவம் நேற்று வந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றிய காலத்திலேயே அங்கே ஒரு மருத்துவமனை நடந்தது. பரதவர்கள் கொடுத்த பணமும் அதற்கு உதவியது. 1870இல் நாசரேத்தில் ஸ்ட்ராக்கன் என்ற மருத்துவர் ஆங்கிலிக்கன் மிஷனின் மருத்துவப் பணியைத் தொடங்கினார். முத்துக்குளிப்பு நடந்த பருவங்களில் அரசாங்கமே முகாமில் மருத்துவரையும் சுகாதார ஆட்களையும் வைத்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் மணலில் கூடியிருக்கும்போது காலரா புகுந்துவிட்டால் உயிரும் போகும், அரசின் வருமானமும் போகும். குளியாளின் காது, மூச்சு, வயிறு எல்லாம் ஏதோ ஒரு வகையில் மருத்துவரின் பார்வைக்கு வந்தன. மண்டையோட்டுக்குள் வளரும் நோய் மட்டும் மிக நெடுங்காலம் யார் பார்வைக்கும் வரவில்லை. அது மருத்துவரின் பார்வைக்கு எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது, வந்த பிறகும் இந்தக் கரையின் குழந்தைகளுக்கு ஏன் தாமதமாகவே வருகிறது என்பதுதான் இங்கே என் கேள்வி. என் விடை இது: இளம் வயதினரின் மூளைக்கட்டியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் வரலாற்றைத் தீர்மானித்தது கருவியைவிட, முதலில் பார்த்த மருத்துவருக்கு ஐயம் எழுந்ததா இல்லையா என்பதே.

நோய் எப்படித் தொடங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சிறுமூளையில் கட்டி வளரும் குழந்தை காலையில் எழுந்ததும் தலைவலி என்று சொல்லும், வாந்தி எடுக்கும், வாந்திக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்து விளையாடப் போகும். சில வாரங்களில் நடை தள்ளாடும், தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கும், கண் மாறும். பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி வளரும் கட்டியானால் பிள்ளையின் உயரம் நின்றுபோகும், ஓயாத தாகமும் சிறுநீரும் இருக்கும், கரும்பலகை தெரியவில்லை என்று பள்ளியில் புகார் வரும். மூளையின் முன்பகுதியில் வளர்ந்தால் வலிப்பு வரலாம், குணமே மாறலாம். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஊரில் வேறொரு எளிய விளக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வாந்திக்குப் பித்தமும் பூச்சியும், பார்வைக்குச் சத்துக்குறைவு, குணமாற்றத்துக்குக் காற்று, கருப்பு. அதனால் வாந்தி எடுத்த பிள்ளை பேதி மருந்துக்கும், குணம் மாறிய பிள்ளை கோடாங்கியிடமும் போயிற்று. கடற்கரையோரமாக வடக்கே ஏர்வாடி தர்கா, உள்நாட்டில் புளியம்பட்டி அந்தோணியார் கோயில் என்று, மனம் கலங்கியவர்களைக் கொண்டுபோய் வைக்கும் தலங்கள் சாதி மதம் பாராமல் எல்லாரையும் ஏற்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மருத்துவப் பரிசோதனையே இல்லாமல் அடைத்து வைத்தால் எவருக்கு என்ன நோய் என்று ஒருபோதும் தெரியவராது. அந்தச் சாவுகளை நினைக்கும்போது இந்த உண்மையும் கூடவே வந்து உறுத்துகிறது.

இதைக் கேட்டதும் சிலர் உடனே சொல்வது, மூடநம்பிக்கைதான் மருத்துவத்தைத் தடுத்தது என்பது. இந்தக் கரையின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் கடல்கட்டிகள் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பரதவர்கள் கத்தோலிக்கர்களான பிறகும் கடல்கட்டி இல்லாமல் குளிக்க இறங்க மறுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசு அவர்களுக்குப் படி கொடுத்தே வைத்துக்கொண்டது. ஆனால் மந்திரம் இருக்கிறது என்று எந்தக் குளியாளும் கயிற்றை விட்டுவிட்டு இறங்கியதில்லை. கல்லைக் காலில் மாட்டி, படகில் கயிறு பிடிப்பவனின் கைத்திறனை நம்பித்தான் இறங்கினான். நேர்ச்சையும் கயிறும் ஒன்றுக்கொன்று பகையாக இருந்ததில்லை. மூளை நோயில் கயிறு என்று சொல்லத்தக்க ஒன்று 1949 வரை இந்த நாட்டில் எங்குமே இல்லை. இல்லாத ஒன்றைத் தேடிப் போகவில்லை என்று மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

உலகத்தில் மூளைக்கட்டி அறுவை உருவான விதமே என் வாதத்துக்கு முதல் சான்று. 1879இல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூளையுறையில் இருந்த கட்டியை எடுத்தார். அவள் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து வேறு நோயால் இறந்தாள். 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லீ 25 வயது இளைஞன் ஒருவனின் மூளைக்குள் இருந்தே கட்டியை எடுத்தார். அந்த இளைஞனின் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னவர் ஹியூஸ் பென்னெட் என்ற மருத்துவர். அவர் கையில் எந்தப் படமும் இல்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படவே இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. முதலில் கையா முகமா, எந்தப் பக்கம் துடித்தது, எந்த விரலின் பலம் முதலில் குறைந்தது என்று கேட்டுக் கேட்டு அவர் இடத்தைக் குறித்தார். குறித்த இடத்தில் மண்டையோட்டைத் திறந்தபோது கட்டி அங்கேயே இருந்தது. இளைஞன் ஒரு மாதத்துக்குள் மூளையுறை அழற்சியால் இறந்துபோனான். அறுவை தோற்றது, நோயறிதல் வென்றது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த வரலாறு விளங்கும்.

பென்னெட்டுக்கு முன்பே ஒரு கருவி வந்திருந்தது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய ஆப்தல்மாஸ்கோப் கையடக்கமானது. இருட்டறையில் நோயாளியைத் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மருத்துவர் முகத்தோடு முகம் நெருங்கி, கண்மணி வழியாக ஒளியைச் செலுத்துவார். விழித்திரையில் ஓடும் சிவந்த நாளங்களைப் பிடித்துக்கொண்டே போனால் அவை எல்லாம் கூடும் இடத்தில் வெளிறிய ஒரு வட்டு தெரியும். மூளையிலிருந்து வரும் பார்வை நரம்பின் முனை அது. நலமாக இருக்கும் கண்ணில் அந்த வட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும். மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் ஓரம் கலங்கி, வட்டு உப்பி, நாளங்கள் புடைத்து நிற்கும். சுற்றிலும் சிறு இரத்தக்கசிவுகள் தீற்றல் தீற்றலாகத் தெரியும். கட்டி எங்கே என்று அது சொல்லாது. உள்ளே ஏதோ அழுத்துகிறது, இனியும் காத்திருக்கக்கூடாது என்று சொல்லும். பச்சிளம் குழந்தைகளில் மண்டையெலும்பு விரிந்து கொடுப்பதால் சில வேளை இந்த அடையாளம் வராது. அவர்களுக்குத் தலையின் சுற்றளவை நாடாவால் அளந்தால் போதும். ஒரு விளக்கும் ஒரு நாடாவும் போதுமான இந்தச் சோதனை ஒரு மின்கம்பிகூட வராத ஊரிலும் செய்யத்தக்கது. செய்யப்படவில்லை என்பதற்குக் கருவியின் விலையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

கோட்டயத்தில் 1910இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஜேக்கப் சாண்டி, பஹ்ரைனில் மிஷன் மருத்துவமனையில் பணிசெய்து, பின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் 1922இல் பிறந்த பா. ராமமூர்த்தி எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்து, நியூகாஸிலில் ரௌபாதமிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950 அக்டோபரில் சென்னைப் பொது மருத்துவமனையில் அரசுத் துறையில் அதே பணியைத் தொடங்கினார். இவர்கள் இருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை அமைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் கிடைத்த நற்பேறு பெரியது: ஒரே நேரத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையிலும், காசில்லாதவர் போகக்கூடிய ஒரு அரசு மருத்துவமனையிலும் இந்தக் கலை வேர்விட்டது. தூத்துக்குடிக்கு 1876லேயே ரயில் வந்துவிட்டது. கீழவைப்பாரிலிருந்து தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிட்டால் ஓர் இரவுப் பயணத்தில் எழும்பூர். 1950க்குப் பிறகு இந்தக் கரைக் குழந்தைக்கு வழி இருந்தது. வழியை யார் காட்டுவது என்பதுதான் மிச்சம்.

காலராவும் காசநோயும் கொன்றுகொண்டிருந்த ஒரு நாட்டில், ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு வரும் மூளைக்கட்டிக்குத் தனித் துறை எதற்கு என்ற எதிர்ப்பு அன்றே இருந்தது. இன்றும் பொதுச் சுகாதாரத்தில் அக்கறையுள்ளவர்கள் இதைக் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடை அந்தத் துறைகளின் படுக்கைகளிலேயே கிடைத்தது. கட்டிக்காகத் திறந்த கதவில் தலைக்காயம் வந்தது, வலிப்பு வந்தது, மூளையில் சீழ்க்கட்டி வந்தது, முதுகுத்தண்டில் காசநோய் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூளைக்குள்ளேயே காசநோய்க் கட்டி வந்தது. டியூபர்குலோமா என்ற இந்தக் கட்டி மேலை நாட்டுப் பாடநூல்களில் அரிதாகவே பேசப்பட்டது; சென்னையிலோ மண்டைக்குள் இடத்தை அடைக்கும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான், குழந்தைகளில் இன்னும் கூடுதல். ராமமூர்த்தியும் வரதராஜனும் இதன் நோயறிதல் பற்றி 1961இல் வெளியிட்ட ஆய்வு உலக நரம்பு அறுவை இலக்கியத்தில் இடம்பெற்றது. மும்பையில் தஸ்தூரும் தேசாயும் 107 டியூபர்குலோமாக்களையும் 107 கிளையோமா வகை மூளைக்கட்டிகளையும் அடுக்கி ஒப்பிட்டு 1965இல் எழுதினார்கள். அரியது எது, சாதாரணம் எது என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதை இந்த ஆய்வுகள் நிறுவின. லண்டன் புத்தகத்தை மட்டும் படித்தவர் சென்னையில் காசநோய்க் கட்டியைத் தவறவிடுவார். சென்னை வழக்கத்தில் மட்டும் ஊறியவர் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுக்கட்டியைக் காசநோய் என்று நினைத்து மாதங்களைத் தொலைப்பார்.

இந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தமிழ்நாட்டு மருத்துவம் உலகுக்கே ஒரு பாடம் கொடுத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்னால் காசநோய்க் கட்டியை வெட்டியெடுப்பது பெரும்பாலும் மூளையுறைக் காசநோயில் போய் முடிந்தது. மருந்து வந்த பிறகு, கத்தி வைக்காமலே மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. மருந்தில் கட்டி கரைந்தால் காசநோய், கரையாவிட்டால் வேறு. படம் எடுக்கும் வசதி குறைந்த நாட்டில் இது கட்டாயத்தால் பிறந்த முறை. பின்னால் 1980களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது, வலிப்போடு வரும் சிறுவர்கள், இளைஞர்கள் பலரின் மூளையில் ஒற்றைச் சிறு புள்ளி தெரிந்தது. அதையும் காசநோய் என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது, கணிப்பு சரி என்று எல்லாரும் நம்பினார்கள். வேலூரில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அத்தகைய புள்ளிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1989இல் அது லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்தப் புள்ளிகள் மருந்து இல்லாமலும் பெரும்பாலும் தாமாக மறைபவை. மருந்து கொடுத்தோம், மறைந்தது, ஆகவே அது இந்த நோய்தான் என்ற தர்க்கம் அப்படியே சரிந்தது.

ஜப்பானிலும் இதே போன்ற ஒன்று நடந்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மூளையின் நடுவே பினியல் சுரப்பிப் பகுதியில் பெரும்பாலும் பதின்வயதுப் பையன்களுக்கு வரும் ஜெர்மினோமா என்ற அரிய கட்டி கிழக்காசியாவில் சற்று அதிகம். அந்த இடத்தில் கத்தி வைப்பது உயிருக்கு ஆபத்தாக இருந்த காலத்தில், கொஞ்சம் கதிர் கொடுத்துப் பார்த்து, கட்டி சுருங்கினால் ஜெர்மினோமா என்று முடிவுகட்டி மீதிக் கதிரையும் கொடுத்தார்கள். ஜெர்மினோமா கதிரில் கரையக்கூடியது என்பதால் பல பையன்கள் பிழைத்தார்கள். ஆனால் கதிரில் கொஞ்சம் சுருங்கும் வேறு கட்டிகளும் அந்த இடத்தில் உண்டு, கதிரே தேவைப்படாதவையும் உண்டு. தேவையில்லாத கதிர் வளரும் மூளையைக் கெடுக்கும். சிகிச்சையையே சோதனையாக வைத்துக்கொள்வது எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வியை இரு நாடுகளும் தனித்தனியாகச் சந்தித்தன. இரண்டிலும் தப்பித்தவர்கள், முதல் கணிப்பு சரியாக அமைந்த பிறகும் அதைச் சந்தேகித்த மருத்துவர்களின் கையில் விழுந்தவர்கள். நான் ஐயம் என்று சொல்வது, நோய் உண்டா என்று கேட்பதோடு நிற்பதில்லை. நாம் பெயர் வைத்த நோய்தானா இது என்று மறுபடியும் கேட்பதையும் சேர்த்தது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஸ்கேன் வரும் முன் இந்த ஐயத்தால் என்ன பயன்? கட்டி இருக்கிறது என்று ஊகித்தாலும் இடம் தெரியாது. இடம் தெரிந்தாலும் அறுவையில் பாதிப் பேர் மேசையிலேயே போய்விடுவார்கள். ஆகவே கருவிதான் எல்லாம் என்பது அந்த மறுப்பு. முதல் பாதி முழுக்கச் சரியல்ல. குழந்தைகளுக்கு வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டி பெரும்பாலும் சுண்ணம் படிந்தது. சாதாரண எக்ஸ் ரேயிலேயே பிட்யூட்டரி குழிக்கு மேலே வெள்ளைத் துகள்களாகத் தெரியும். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934லேயே வந்துவிட்டது. அழுத்தம் ஏறிய பிள்ளையின் மண்டையோட்டு மூட்டுகள் விலகி நிற்பதும் அதே படத்தில் தெரியும். இன்னும் ஆழமாகப் பார்க்க, 1918இல் வால்ட்டர் டாண்டி கண்டுபிடித்த முறையில், மண்டையில் சிறு துளை போட்டு, மூளையின் அறைகளில் உள்ள நீரை எடுத்துக் காற்றைச் செலுத்தி, தலையைப் பல கோணத்தில் திருப்பிப் படம் எடுப்பார்கள். காற்று போகாமல் நின்ற இடத்தில் கட்டி. குழந்தைக்கு அது கொடுமையான சோதனை. தலை வெடிக்கும் வலியும் வாந்தியும் வரும். அழுத்தம் சட்டென்று மாறி மூளைத்தண்டு நசுங்கும் ஆபத்தும் உண்டு. அதனால் படம் எடுக்கும் அன்றே அறுவை அரங்கு தயாராக இருந்தது. 1927இல் எகஸ் மோனிஸ் அறிமுகப்படுத்திய முறையில் கழுத்து நாளத்தில் மருந்து செலுத்திப் படம் எடுப்பதும் வந்தது. சாவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாவுகளில் பெரும்பங்கு, பார்வை போய், நினைவு மங்கி, கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தவர்களுடையது. அந்த வாரங்களை மீட்டுக் கொடுக்கக் கூடியவர் அறுவை மருத்துவர் இல்லை, முதலில் பார்த்தவர்.

சிகிச்சையின் வரலாறும் அதையே காட்டுகிறது. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு 1925இல் அப்பெயரை வைத்தவர்கள் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும். 1930இல் குஷிங் தாம் அறுவை செய்த 61 பேரின் கணக்கைக் கொடுத்தார். மூன்றாண்டைத் தாண்டியவர் ஒருவர்தான். அன்று உலகில் அவரைவிடச் சிறந்த கை கிடையாது. 1953இல் மான்செஸ்டரில் ஈடித் பேட்டர்சனும் ஃபாரும், கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமின்றி மூளைக்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுத்து, 27 குழந்தைகளில் மூன்றில் இரு பங்கினர் மூன்றாண்டு வாழ்ந்ததைக் காட்டினார்கள். இந்தக் கட்டி முதுகுத்தண்டு நீரில் உதிர்ந்து பரவும் என்று அவர்கள் முன்கூட்டியே ஐயப்பட்டதுதான் வேறுபாடு. முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கதிர் கொடுக்கும் கோபால்ட் கருவி வந்தது. குழந்தைகளின் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவும் 1960இல் தொடங்கியது. சென்னையில் கட்டியை எடுக்கவும் ஆள் இருந்தார், கதிர் கொடுக்கவும் இடம் இருந்தது. இன்று, நல்ல வசதியுள்ள நாடுகளில் பரவாத மெடுல்லோபிளாஸ்டோமா உள்ள குழந்தைகளில் ஐந்தில் நால்வர் பிழைக்கிறார்கள். கட்டியின் மரபணு வகையைப் பார்த்து யாருக்குக் கதிரைக் குறைக்கலாம் என்று கேட்கும் அளவுக்குப் போயிருக்கிறது. சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் கதிர் சிகிச்சையும் கிடைக்கிறது. சென்னையின் நோயாளிக்கு உலகம் எட்டிவிட்டது.

அப்படியானால் இனி என்ன குறை என்று கேட்கலாம். 1954இல் மதுரையிலும் 1965இல் திருநெல்வேலியிலும் 2000இல் தூத்துக்குடியிலும் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. மாவட்ட மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் இருக்கிறது. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2009 முதல் அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் மூளை அறுவைக்கும் பணம் கிடைக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழவைப்பாரிலிருந்து தூத்துக்குடி ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. இவை எல்லாம் பெரிய சாதனைகள். இவற்றைச் சாதித்த அரசுகளை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் கருவி பக்கத்தில் வந்துவிட்டால் தாமதம் தானாகத் தீரும் என்ற நம்பிக்கைக்கு எதிராக ஒரு சான்று இருக்கிறது. அது பிரிட்டனிலிருந்து வருகிறது. அங்கே ஸ்கேனுக்குப் பஞ்சமில்லை, சிகிச்சை இலவசம், தூரமும் குறைவு. இருந்தும் 2006 வாக்கில் குழந்தைக்கு முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து மூளைக்கட்டி என்று தெரிய எடுத்த இடைநிலைக் காலம் 14 வாரம். 2011இல் ஹெட்ஸ்மார்ட் என்ற இயக்கம், எந்த வயதில் எந்த அறிகுறி வந்தால் யோசிக்க வேண்டும் என்று சிறு அட்டைகளில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் காலம் ஏழு வாரத்துக்கும் கீழே இறங்கியது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற கேள்வி சரியான நேரத்தில் எழுந்தது, அவ்வளவுதான்.

தலைவலி என்று வரும் எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் எடுத்தால் மருத்துவமனை தாங்குமா, கதிர் வீணாகப் பாயாதா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயமே. தலைவலியோடு வரும் ஆயிரம் குழந்தைகளில் கட்டி இருப்பவர் மிகச் சிலர். அதனால்தான் அறிகுறிகளின் சேர்க்கையைப் பார்க்கச் சொல்கிறோம்: இரண்டு வாரத்துக்கு மேல் காலை வாந்தி, கூடவே தள்ளாட்டம், புதிதாகக் கண் மாறுதல், வளர்ச்சி நின்றதோடு ஓயாத தாகம், குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தல். இவற்றைக் கேட்கவும் பார்க்கவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிடம் போதும். கிராம செவிலியர் கையில் ஏற்கெனவே தலையை அளக்கும் நாடா இருக்கிறது. பள்ளியில் உயரத்தைக் குறிக்கும் ஏடு இருக்கிறது. படகிலும் கரையிலும் கால் நிலையை வைத்தே பிழைக்கும் ஊரில் ஒரு பிள்ளையின் நடை மாறினால் வீட்டார் கண்ணுக்கு முதலில் படும். அதை மருத்துவர் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. இந்தியப் பதிவேடுகள் பலவற்றில் குழந்தைகளின் மூளைக்கட்டி விகிதம் மேலை நாட்டு விகிதத்தைவிடக் குறைவாகவே வருகிறது. நம் குழந்தைகளுக்கு இயல்பாகவே இந்த நோய் குறைவு என்று அதைப் படிப்பவர்களும் உண்டு. மேலை நாடுகளில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணும் குழந்தைப் புற்றுநோய் இது. ஸ்கேன் அறைக்கே வராத பிள்ளை எந்த ஏட்டிலும் ஏறாது என்பதை வைத்துத்தான் நான் அந்தக் குறைவைப் படிக்கிறேன்.

ஊருக்கும் பெரிய மருத்துவமனைக்கும் இடையிலான தூரம் பிழைத்தவர்களையும் பின்தொடர்கிறது. கிரேனியோஃபாரிஞ்சியோமாவை எடுத்த பிறகு பிட்யூட்டரி சுரப்பியின் வேலை பெரும்பாலும் நின்றுபோகும். தைராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டும் நாள்தோறும் வேண்டும். காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. சிறுநீரைக் கட்டுப்படுத்த டெஸ்மோபிரெசின் இல்லாவிட்டால், உப்பளத்து வெயில் அடிக்கும் இந்தக் கரையில் ஒரே நாளில் உடம்பின் நீர் வற்றிவிடும். முதுகுத்தண்டு வரை கதிர் வாங்கிய பிள்ளை குள்ளமாக வளரலாம், பாடத்தில் மெதுவாகலாம், ஆசிரியருக்குக் காரணம் தெரியாமல் அடி வாங்கலாம். 2018இல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வந்த குழந்தைகளில் 60 விழுக்காட்டினரையாவது 2030க்குள் பிழைக்க வைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்தக் கணக்கில் ஏறும் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் வாழ்நாள் முழுதும் மருந்து வாங்க வேண்டியிருக்கும். சென்னையிலோ வேலூரிலோ எழுதிக் கொடுத்த சீட்டை விளாத்திகுளத்திலும் வேம்பாற்றிலும் இருக்கும் மருத்துவர் படித்து, காய்ச்சல் நாளில் எந்த மாத்திரையை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். டெஸ்மோபிரெசின் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருந்தகத்தில் மாதந்தோறும் இருக்க வேண்டும். அது தீர்ந்துபோகும் மாதத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டார் மறுபடியும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.